நாங்கள் மெழுகுதிரி ஏற்றிய மேடுகள்

அவை கல்லறைகள் என்று எங்களில் முதலில் சொன்னது யார்?

பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், மகளுக்குத் தலை இழுத்துச் சீவும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. மாமி சொல்லியிருக்கலாம். செபக்குழுவை நடத்தும் அக்கா சொல்லியிருக்கலாம். ஒருவரும் வாய் திறக்காமலே எல்லோரும் ஒரே நேரத்தில் அப்படி நினைத்தும் இருக்கலாம். நான்தான் சொன்னேன் என்று இப்போது வீட்டில் பேச்சு. சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லவில்லை என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அவளை வைத்துத்தான். அவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. இன்னும் பேசவில்லை. காதில் குறை இல்லை. கீழே பிஸ்கட் டின்னைத் திறந்தால் மாடியிலிருந்து ஓடி வருவாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மழை நாளில் பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துடைக்கும் கை அங்கும் இங்கும் போவதைப் பார்த்தபடி கடைசித் தரிப்பிடம் வரை அசையாமல் இருப்பாள். இறங்கவேண்டும் என்றால் அவள் போடும் கத்தலுக்குப் பஸ் முழுக்க எங்களைத்தான் திரும்பிப் பார்க்கும்.

சென்ற வருடம் கோடைக்கு முன்பு நேர்சரியில் ஓர் ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருத்தினார். இனியும் காத்திருப்பது நல்லதில்லை, மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுவோம், பள்ளிக்கூடம் தொடங்குமுன் அவளுக்கு வேண்டிய உதவி ஏற்பாடாகிவிட்டால் நல்லது என்றார். ஓட்டிசம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கேட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இவனும் நாலு வயசிலதான் வாய் திறந்தவன்," என்றார், தன் மகனான என் கணவரைக் கத்தி முனையால் காட்டி. "பிறகு மூட வைக்கத்தான் நாங்கள் கஷ்டப்பட்டது."

கணவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார். "இஞ்சரும், இவங்கள் ஒருக்காப் பேர் வைச்சாங்களெண்டால் சாகுமட்டும் அதுதான் பேர். உமக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். அவர் பத்து வயதில் ஜேர்மனியில் போய் இறங்கியவர். மொழி தெரியாத பிள்ளையை மூளை மந்தமான பிள்ளைகளோடு கொண்டுபோய் இருத்தினார்கள். அந்த வகுப்பிலிருந்து வெளியே வர அவருக்கு வருடங்கள் பிடித்தன. இன்றைக்கும் லண்டனில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிற ஆள், ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டுமென்றால் அதை என்னிடம் கொடுத்து இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார். அதனால் அவரோடு என்னால் முழுமனதாகக் கோபிக்கவும் முடிவதில்லை. கோபிக்க முடியாத கோபம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறேன் என்று பல் டொக்டர் சொல்கிறார்.

ஓகஸ்ட் பதினைந்தில், எங்கள் கணக்குக்கு ஆவணி நடுவில், இலங்கை மடுக்கோவில் மாதாவின் திருநாள் வந்தது. ஊருக்குப் போக முடியாதவர்கள் அன்றைக்கு எங்கேயாவது கூடிச் செபமாலை சொல்லிச் சாப்பிட்டுக் கலைவது எங்கள் வழக்கம். செபக்குழு அக்கா அந்த முறை ஒரு புது இடம் கண்டுபிடித்திருந்தார். அவர் பிரான்சில் பதினைந்து இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அங்குள்ள லூர்து மாதா கோவிலுக்குப் போய் வந்த கணக்கை அவரே மறந்துவிட்டார். எந்த இடத்தையும் லூர்தோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்.

"தங்கச்சி, ஒரு மலை இருக்குது. அந்தக் காலத்து விசுவாசியள் ஒளிச்சிருந்து செபிச்ச இடம். லூர்து மாதிரி வந்திருக்க வேண்டியது. இவங்களுக்கு அருமை தெரியேல்லை, நாய் நடத்த விட்டிருக்கிறாங்கள்."

நாங்கள் இருக்கும் மனோர் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு நடக்கவேண்டும். மலை என்று சொல்லமுடியாது. லண்டனில் இருப்பதால் மலை. கீழே மரங்கள், மேலே வரவர வெறும் புல். உச்சியில் நின்றால் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் தூரத்தில் புகைபோலத் தெரியும். இப்போது அது இயற்கைப் பூங்கா. பூப்பறிக்காதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள் என்று வாசலில் எழுதியிருந்தது. உச்சியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்லும், பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகையும்.

பலகையை நான் வாசித்தேன். குழுவில் இங்கிலிஷ் எழுத்தை நின்று வாசிக்கிற பழக்கம் எனக்குத்தான். அரசனின் திருச்சபையோடு ஒத்துப்போகாத சிலர், சட்டம் அவர்களைக் கூடவிடாத காலத்தில், இந்த உச்சிக்கு வந்து வேதம் வாசித்தார்களாம். ஒருவர் கல்லில் ஏறி நின்று பிரசங்கம் செய்ய, மற்றவர்கள் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். சிலர் கப்பலேறிக் கடல் கடந்து போய் அங்கே தங்கள் சபையைத் தொடங்கினார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: சுரூபம், மெழுகுதிரி, புனிதப் பொருள், புனித இடம் என்று எதுவும் இல்லை என்பதே அவர்கள் நம்பிக்கை, அதனால்தான் வெறும் புல்வெளியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கணவரிடம் மெல்லச் சொன்னேன். "என்னப்பா, அவை எங்கட ஆக்கள் இல்லை. மாதாவையே கும்பிடாத ஆக்கள்."

"செத்தாப் பிறகு என்ன கட்சி," என்றார். "நீர் போய் சோத்துப் பார்சலைப் பிரியும்."

நான் போய்ச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

கல்லுக்குப் பின்னால், சரிவு தொடங்கும் இடத்தில், அந்த மேடுகள் இருந்தன. பச்சைப் புல் போர்த்தியவை. சில ஒரு குழந்தையைக் கிடத்தினால் எவ்வளவோ அவ்வளவு நீளம். சில இன்னும் பெரிது. பத்திருபது இருக்கும். வரிசை என்று சொல்ல முடியாது, ஆனால் ஏறக்குறைய எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. சுற்றியிருந்த புல்லில் பூவே இல்லை. மேடுகளின் மேல் மட்டும் பொடிப்பொடியாக ஊதாப் பூக்கள், யாரோ கொண்டுவந்து நட்டு வைத்ததுபோல.

நாங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அந்த நேரத்தில்தான் யாரோ ஒருவர் கல்லறை என்றார். அல்லது சொல்லாமலே சிலுவை போட்டுக்கொண்டோம்.

நான் பள்ளிக்கூட உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். இதை வேண்டுமென்றே எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு எல்லோரும் அதைத்தான் எனக்குச் சொல்லிக் காட்டினார்கள்.

மடு மண்ணைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மடுக்கோவில் மண்ணைச் சிறு பொட்டலமாக வீட்டில் வைத்திருப்போம். பாம்பு கடித்தால் அதைக் கரைத்துக் கொடுப்பார்கள். காய்ச்சலுக்கு நெற்றியில் பூசுவார்கள். புனிதமான இடத்துக்குப் போனால் ஒரு பிடி மண் எடுப்பது எங்கள் கைக்குப் பழகிய காரியம். மாமி குனிந்து ஒரு மேட்டின் ஓரத்தை விரலால் கிளறினார். மண் சல்லடையில் அரித்த மாப்போல அவ்வளவு மென்மை.

"பாத்தியளே," என்றார் அக்கா. "சாதாரண மண் இப்பிடி இருக்குமே?"

கிளறிய இடத்தில் சின்னச்சின்ன மஞ்சள் எறும்புகள் வந்தன. மாமி கையை உதறிவிட்டு மண்ணைக் கைலேஞ்சித் துணியில் முடிந்தார். எறும்பு எங்கேதான் இல்லை.

என் மகள் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் போய் முழந்தாளிட்டாள். பிறகு வயிறு நிலத்தில் பட நீட்டிப் படுத்துக் கன்னத்தைப் புல்லில் வைத்துக்கொண்டாள். நாங்கள் செபமாலை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அவள் எழும்பவில்லை. கோவிலில் ஒரு நிமிடமும் அடங்கி இருக்காத பிள்ளை. பெண்கள் ஒருவரை ஒருவர் தட்டிக் காட்டினார்கள்.

"அவளுக்கு விளங்குது."

"பிள்ளையளுக்குத்தான் விளங்கும்."

மாமி அழுதுவிட்டார். அந்த இடத்திலேயே நேர்த்தி வைத்தார்: மூன்று நாளைக்கு இவளை இந்த மலைக்கு நடத்திக்கொண்டு வருவேன், மாதாவே, இவள் வாயைத் திறந்துவிடும். இன்றைக்கு ஒன்று, புரட்டாதியில் மாதா பிறந்தநாளுக்கு ஒன்று, கார்த்திகையில் மரித்த விசுவாசிகளின் நாளுக்கு ஒன்று. அதோடு விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

"நேர்த்தி முடியுமட்டும் இவளை ஒரு டொக்டரிட்டையும் காட்டப்படாது," என்றார் என்னைப் பார்த்து. "மாதாவிட்ட ஒப்படைச்சுப்போட்டு வேற ஆளையும் கேக்கிறது, அவவை நம்பேல்லை எண்ட மாதிரி."

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கண் துடைத்தபடி சொன்னார். அதனால்தான் அங்கேயே மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மதிப்பீட்டு நாள் புரட்டாதிக் கடைசியில் என்று ஏற்கெனவே வந்திருந்தது. கணவர் நேர்சரிக்குப் போன் எடுத்து, குடும்ப விஷயம், கொஞ்சம் பிந்திப் போடுங்கோ என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"ரெண்டு மாசந்தானே. பேசாத பிள்ளை ரெண்டு மாசத்தில இன்னும் என்னத்தைப் பேசாமல் விடப்போறாள்?"

இது பகிடி. அவருடைய ஆட்கள் எல்லோரும் பகிடிக்காரர்கள்.

புரட்டாதியிலும் போனோம். மகள் கீழ் வாசலிலேயே என் கையை உதறிவிட்டு மேலே ஓடினாள். அவளுக்கு அந்த இடத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். மாமி அவள் நெற்றியில் மண் பூசினார். நாக்கில் வைக்கப்போனபோது நான் கையைப் பிடித்துவிட்டேன். நான் இல்லாத நேரம் வீட்டில் வைத்தாரா என்று தெரியாது. கேட்டால் கேட்டதற்கே ஒரு வாரம் சாப்பிடமாட்டார். நான் மகளின் வாயைத் திறந்து பார்ப்பேன், அவள் சிரிப்பாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. இன்னாரின் பேத்தி மலையில் படுத்துச் செபித்தாளாம். விசாவுக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், மகனின் பரீட்சைக்கு ஒருவர் என்று ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேடு. அக்கா யாருக்கு எது என்று காட்டிவிட்டார். பெரிய மேடு பிரசங்கியாருடையது என்று ஆகிவிட்டது. என்னிடமும் கேட்டார்கள், பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று. உள்ளதைச் சொன்னேன். கடைசி வரியையும் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

வீட்டில் மாமி மகளைக் கவனிக்கத் தொடங்கினார். நேற்று என் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்குத் தண்ணீருக்குக் கை நீட்டினாள் என்று கணக்குச் சொல்வார். அவள் முன்பும் கை நீட்டுவாள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை சுகமாவதில் எனக்கு விருப்பமில்லை என்று ஆகியிருக்கும். நேர்சரி ஆசிரியை வாசலில் என்னைக் கண்டால் கண்ணால் கேட்பார். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போவேன்.

கார்த்திகையில் மரித்த விசுவாசிகளின் நாளை ஒட்டிய சனிக்கிழமை. குளிர். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, அதற்கு மேல் கம்பளித் தொப்பி. ஊரில் அன்றைக்குச் சேமக்காலைக்குப் போய் உறவுகளின் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுவோம். இங்கே எங்கள் இறந்தவர்கள் இல்லை. பலருடைய கல்லறை எங்கே என்றே தெரியாது. அதனால்தானோ என்னவோ அன்றைக்கு வழமையைவிட இரண்டு மடங்கு ஆட்கள். ஒவ்வொரு மேட்டிலும் புல்லை விரலால் பிடுங்கிச் சமப்படுத்தி, தகரக் கிண்ணத்துக்குள் இருக்கும் குட்டி மெழுகுதிரிகளை வைத்தோம். காற்றுக்கு அணையாமல் சுற்றிவர நின்று மறைத்தோம். ஒரு பெண் இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராத தம்பியின் பெயரைச் சொல்லி ஏற்றினாள். அந்த நேரம் அவை கல்லறைகளாக இருக்கவேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன் என்பதை எழுதாமல் விடக்கூடாது.

கீழே மரங்களுக்கிடையில் பூங்காவைப் பராமரிக்கும் தொண்டர்கள் சிலர் முட்பற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு வயதான பெண், தடித்த கையுறையோடு, ஓட்டமும் நடையுமாக மேலே வந்தார். எங்கள் மெழுகுதிரிகளைக் கண்டதும் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"கேள் தங்கச்சி," என்று அக்கா என் முழங்கையைத் தள்ளினார். "இது ஆரின்ரை கல்லறை, பேர் விபரம் இருக்குதோ எண்டு."

கேட்டேன். அந்தப் பெண் என்னை விளங்காமல் பார்த்தார். பிறகு, இவை கல்லறைகள் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

நான் திரும்பி எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

அவர் குனிந்து மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தபடி பேசினார். கோபத்தை அடக்கிக்கொண்டு, மழலையர் வகுப்புக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவை எறும்புப் புற்றுகள். மஞ்சள் எறும்பு. நிலத்துக்குள் இருந்து துகள் துகளாக மண்ணைத் தள்ளித் தள்ளிக் கட்டுவது. இந்த அளவுக்கு வர ஒரு மனித ஆயுள் பிடிக்கும். குளிருக்கு இப்போது ஆழத்தில் இருக்கின்றன. நீங்கள் மேலே நெருப்பு வைத்திருக்கிறீர்கள்.

எங்களுக்குப் புற்று என்றால் செம்மண்ணில் இடுப்புயரம் கூராக எழும்பி நிற்கவேண்டும், பாம்பு குடியிருக்கவேண்டும். புல்லும் பூவும் போர்த்துப் படுத்திருக்கிற புற்றை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. ஆனால் அந்த மஞ்சள் எறும்புகளைக் கண்டிருந்தேன். என் மகள் கன்னத்தை வைத்துப் பார்த்ததும் அவற்றைத்தான். அதை அந்தக் கணத்தில்தான் விளங்கிக்கொண்டேன். செபம் இல்லை. எறும்பு பார்த்திருக்கிறாள். எங்கள் எல்லோரிலும் அவள் ஒருத்திக்குத்தான் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

"என்னவாம்?" என்றார் மாமி.

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நெருப்பு வைக்கக் கூடாதாம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

"எறும்புப் புத்தாம், மாமி. கல்லறை இல்லையாம்."

முழங்கால் நோவுக்கு நேர்ந்தவர் சொன்னார்: "அப்ப நான் இவ்வளவு நாளும் எறும்பிட்டையோ மன்றாடினனான்?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவி, உடனே செத்துவிட்டது, தம்பிக்கு ஏற்றியவள் அழத் தொடங்கியதால்.

"உவளுக்கு என்ன தெரியும்," என்றார் அக்கா. "தோட்டம் வெட்ட வந்தவள்."

அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்த உச்சியில் ஒரு காலத்திலும் ஏர் ஓடவில்லையாம். கூடிச் செபித்தவர்களின் வழிவந்தவர்கள் அந்த நிலத்தை உழவிடாமல் வைத்திருந்தார்களாம். அதனால்தான் புற்றுகள் இவ்வளவு பெரிதாக வளர முடிந்ததாம். அதை நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்குள் பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒருவேளை அதைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். நான் அணைந்த மெழுகுதிரிகளைப் பையில் பொறுக்கினேன். மகளைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவள் போட்ட கத்தல் நகரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பஸ்ஸில் ஒருவரும் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அக்கா மட்டும் இறங்கும்போது நின்று சொன்னார்: "படிச்ச பிள்ளை. முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். எங்களை அந்த வெள்ளைக்காரிக்கு முன்னால விசராக்கிப்போட்டாய்."

இவ்வளவும் நடந்தபிறகு ஒன்றாவது மிச்சம் என்று நான் நினைத்தேன். நேர்த்தி இனி இல்லை. மகளை டொக்டரிடம் காட்டலாம். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதைக் கணவரிடம் கேட்கவும் கேட்டேன். மாமி அடுப்படியிலிருந்து பதில் சொன்னார்.

"நேர்த்தி வைச்சது மாதாவுக்கு. எறும்புக்கில்லை."

கோவில் சுவாமியாரிடம் கேட்டாலும் அவர் மாமி சொன்னது சரி என்றுதான் சொல்வார்.

"ஆனா மூண்டாவது நாள் குழம்பிப்போச்சு," மாமி தொடர்ந்தார். "கடன் நிறைவேறேல்லை. திருப்பி முதலில இருந்து துடங்கவேணும். வேற இடம் பாப்பம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில துடங்கினால் நல்லது."

"தபசு காலமெண்டால் மாசி பங்குனி ஆகும், மாமி."

"பிள்ளை, நீ குழப்பினதைத்தான் நான் நேராக்கப் பாக்கிறன்."

கணவரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். "அம்மா அழுதுகொண்டு வந்தவ, நீர் பார்க்கேல்லையே? கொஞ்சம் பொறும்."

"எவ்வளவு பொறுக்கிறது? செப்டெம்பர்ல அவள் பள்ளிக்கூடம் போகவேணும். அங்க முப்பது பிள்ளையளுக்கு நடுவில என்ன செய்வாள்?"

"முப்பது பிள்ளையளுக்கு நடுவில இருந்தால்தான் கதைப்பாள். தனிய இருத்தினால் அங்கதான் இருப்பாள். நான் இருந்தனான்."

அவர் எழும்பி ஷட்டர் பூட்டவேண்டும் என்று கடைக்குப் போய்விட்டார். கடையை அவர் தம்பி ஏற்கெனவே பூட்டியிருந்தான்.

பிறகு ஒரு நாள், நேர்சரி இல்லாத நாளில், ஒருவருக்கும் சொல்லாமல் மகளை அந்தக் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேடுகளில் வட்டவட்டமாகப் புல் கருகிக் கிடந்தது. அவள் ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எறும்புகள் வரவில்லை. கீழே இருக்கின்றன, நித்திரை, வெயில் வந்தால் வரும் என்று நான் சொன்னேன். கேட்டாளா தெரியாது. பலகையை மறுபடி வாசித்தேன். சிறைக்குப் போனாலும் பரவாயில்லை என்று ஏறி வந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கு வழி பார்த்து நிற்கப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். நான் திரும்பி வரும்போது மாமிக்கு என்ன பொய் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையின் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் தரிப்பிடத்தில் வைத்தே துடைத்தேன்.

இப்போது புதிய நாள் வந்திருக்கிறது. தை மாதக் கடைசிச் செவ்வாய், காலையில். நேர்சரி ஆசிரியை இந்தத் தடவை கண்ணால் கேட்கவில்லை, வாயால் சொன்னார்: மறுபடியும் தள்ளிப்போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள், பள்ளிக்கூடம் தொடங்குமுன் ஒன்றும் நடக்காது. தாய் ஒருத்தி வந்தாலே போதும் என்றும் சொன்னார். அதைக் கணவரிடம் சொன்னேன்.

"போறதெண்டால் போம்," என்றார், என்னைப் பாராமல். "ஆனா என்னைக் கேளாமல் போனால், பிறகு அவளைப் பற்றி ஒண்டையும் என்னட்டைக் கேக்கவேண்டாம்."

"நான் இப்ப கேக்கிறன்தானே?"

"நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்தானே."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவர் என்று கதை எழுதுவது எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தூங்கவைக்கிறவர் அவர்தான். நான் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் அவர் சொன்னபடியே அவள் விஷயத்திலிருந்து விலகிக்கொள்வார். பிடிவாதம் அவருக்கு அந்த ஜேர்மன் வகுப்பில் கிடைத்த ஒரே படிப்பு. போகாமல் விட்டால் மகள் செப்டெம்பரில், பெயர் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையாக, யாரும் எதுவும் ஏற்பாடு செய்யாத ஒரு வகுப்பின் மூலையில் இருப்பாள். பொறு என்று மாமி சொல்கிறார். எங்கள் தலைமுறைப் பெண்கள் பொறுத்ததில் யாருடைய பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் நான் அவசரப்பட்டுத்தான் எல்லாவற்றையும் குழப்புகிறேனோ என்ற பயமும் போகவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பேசப் பிந்திய பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். வீட்டாரின் சொல்லை மீறி ஒரு பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோனவர்களும், மீறாமல் காத்திருந்தவர்களும் இருப்பீர்கள். பிறகு உங்கள் வீடு என்னவாயிற்று? பிள்ளை என்னவானாள்? அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவளுக்குச் சட்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் புறப்படுவதா, அதற்கு முன் அவரிடம் இன்னொரு தடவை பேச வழி உண்டா? இருந்தால் எந்தச் சொல்லில் தொடங்குவது? தெரிந்தவர்கள் அந்தச் செவ்வாய்க்கு முன் எனக்கு எழுதுங்கள்.